எக்ஸ், ஒய், இசட், தனபாக்கியம்

டாக்டரைப் பார்த்தால் நாக்கை நீட்டுகிற மாதிரி, கணக்கு டீச்சரைப் பார்த்தால் ஜனங்கள் தாங்கள் பெயிலான கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்ற வருகிறவர்கூட, "எனக்கு இந்த அல்ஜீப்ரா மட்டும் ஏறவே இல்லம்மா" என்று கரண்டியைத் தூக்கியபடி நின்றுவிடுவார். எனக்குப் பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து மோரே குடித்துவிடுவார். நீங்களும் அந்தக் கூட்டம் என்றால் கூச்சப்பட வேண்டாம். நானும் தட்டுத் தடுமாறி பி.எஸ்சி. கணக்கு முடித்தவள்தான். நமக்குள் என்ன மறைப்பு?

எண்பதுகளின் தொடக்கம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு இன்டர்வியூ கார்டு வருமா வருமா என்று தபால்காரரையே பார்த்துக்கொண்டிருந்த சமயம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு டுடோரியலில் சேர்ந்தேன். கீழே தவிட்டு மண்டி, மாடியில் நாங்கள். இருந்தது ஒரே நாற்காலி. அதில் உட்கார்ந்தவர் பிரின்சிபால். இங்கிலீஷும் வரலாறும் அவர் பொறுப்பு, கணக்கு என் தலையில். படிக்க வந்தவர்கள் எல்லாரும் வேலைவெட்டி உள்ள பெரியவர்கள். என்றைக்கோ எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கைக் கோட்டை விட்டுவிட்டு, இப்போது ஏதோ ஒரு காரணத்துக்காகத் திரும்பி வந்தவர்கள். எல்லாருமே என்னைவிட மூத்தவர்கள். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். இந்தப் பொருத்தத்தில் பாடம் எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இறங்கும் இடம் தெரியாத பயணி

முதல் நாள் கரும்பலகையில் இரண்டு சமன்பாடுகள் எழுதினேன். "ஒரு எண்ணை எக்ஸ்னு வெச்சுக்கோங்க, இன்னொண்ணை ஒய்னு வெச்சுக்கோங்க" என்று தொடங்கியதும் கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. ஏகாம்பரம். காஞ்சிபுரம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அரசாங்க பஸ்ஸுக்கு மாற ஆசை, அதற்கு எஸ்.எஸ்.எல்.சி. வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் இருபது பேருக்கு ஒரே மூச்சில் சில்லறை கொடுக்கிற மனிதர், என் எக்ஸைப் பார்த்து மிரண்டு போயிருந்தார்.

"அது எவ்ளோன்னு தெரியாமயே எப்படி டீச்சர் வெச்சிக்கிறது?" என்றார். தெரியாததால்தான் எக்ஸ் என்று பெயர் வைக்கிறோம், கடைசியில் தெரிந்துவிடும் என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதையாக இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம். எனக்குக் கோபம் ஏறியது. அவர் மிகவும் மரியாதையாக எழுந்து நின்று சொன்னார்:

"கோச்சிக்காதீங்க டீச்சர். பஸ்ல ஒருத்தன் ஏறிக்கினு, 'நான் எங்க எறங்குவேன்னு அப்பால சொல்றேன், இப்ப டிக்கெட்டக் கிழி'ன்னா நான் கிழிப்பனா?"

சொல்லாத ஒன்று

தனபாக்கியத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை, ஒரு பெண் குழந்தை. திருமுக்கூடலில் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். சத்துணவுத் திட்டம் வந்த புதிது. அந்தக் கூடத்துக்கு அமைப்பாளர் வேலை காலியாக இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்றால் அவருக்கே தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எல்லாப் பாடமும் முன்பே தேறிவிட்டார், கணக்கு ஒன்றுதான் பாக்கி. அக்டோபர் பரீட்சையில் தேறாவிட்டால் வேறு யாரையாவது போட்டுவிடுவார்கள். அப்புறம் அவர் பாட்டுக்கு ஆயுசு முழுக்க அடுப்பு ஊதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புகை வாசனையோடு பஸ் பிடித்து வருவார். வந்து முதல் பெஞ்சில் உட்கார்வார்.

அவருக்கு ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. 3x-இலிருந்து x-ஐக் கழித்தால் 3 என்பார். "மூணு எக்ஸ் கீது, எக்ஸை எடுத்துட்டோம், மூணு நிக்குது. சரிதானே டீச்சர்?" வெறும் x என்றால் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது, எழுதுவதில்லை, அவ்வளவுதான் என்று நான் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன். "இருந்தா எழுதறதுதானே?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. ஆனால் கத்தாமல் சொல்லத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் நான் சாக்பீஸை வீசிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். கீழே மண்டியில் யாரோ மரக்காலால் அளந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். "லாபம்... ரெண்டு... மூணு..." என்று குரல் வந்தது. நம் பக்கத்தில் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்றுதான் தொடங்குவார்கள். தினமும் கேட்கிற சத்தம்தான், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. தனபாக்கியம் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அப்புறம் பெஞ்சைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"அட, களத்துல மொத மரக்கால ஒண்ணுன்னா சொல்றோம்? சொல்லலன்னு அந்த நெல்லு இல்லாமப் பூடுமா டீச்சர்?"

லா எக்ஸ்

அன்றிலிருந்து அவர் x + 2y + 3z என்பதை "லாபம் எக்ஸ், ரெண்டு ஒய், மூணு இசட்" என்றுதான் படிப்பார். கழித்தலில் ஒரு தப்பு வரவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏகாம்பரமும் மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வகுப்பே லாபம் லாபம் என்று முழங்கியது. கீழே மண்டிக்காரர், மாடியில் ஏலம் நடக்கிறதோ என்று ஆள் அனுப்பிக் கேட்டார்.

வினை மாதிரித் தேர்வில் வந்தது. தனபாக்கியம் தனியாக நிற்கிற எக்ஸுக்கு முன்னால் எல்லாம் 'லா' என்று எழுதி வைத்திருந்தார். விடை என்னவோ சரி. ஆனால் நிஜப் பரீட்சையில் எங்கோ வெளியூரில் உட்கார்ந்து திருத்துகிறவருக்கு இந்த 'லா' எப்படிப் புரியும்? மனசுக்குள் சொல்லுங்கள், கையால் எழுதாதீர்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். சரி சரி என்று தலையாட்டினார். பிரின்சிபால் அந்தத் தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். கடைசியில் என்னிடம் நீட்டினார்:

"டீச்சர், இதுக்கு நாம மார்க் போடணுமா, இல்ல லாபத்துல பங்கு கேக்கணுமா?"

மாகரலில் ஒருவர், ஓரிக்கையில் ஒருவர்

இரண்டு தெரியாதது வரைக்கும் சமாளித்த வகுப்பு, மூன்று தெரியாதது வந்ததும் குருவி தலையில் பனங்காய் வைத்த மாதிரி ஆகிவிட்டது. மூன்று சமன்பாடு, மூன்று எழுத்து. எதைத் தொட்டாலும் இன்னொன்று முளைக்கிறது. முதலில் ஓர் எழுத்தை நீக்கு, அப்புறம் இன்னொன்றை நீக்கு, மிஞ்சியது தெரிந்ததும் திரும்பி வந்து மற்ற இரண்டையும் கண்டுபிடி என்று நான் சொன்னதை எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். ஒருவருக்கும் புரியவில்லை என்பது அவர்கள் எழுதிய அழகிலேயே தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து ஏகாம்பரம் டிரிப் முடிந்து காக்கிச் சட்டையோடு நேராக மாடியேறி வந்தார். நேரே கரும்பலகைக்குப் போனார். "மூணு பேரும் உத்தரமேரூர்ல ஏர்றாங்க" என்றார். இசட்டை மாகரலில் இறக்கிவிட்டார். ஒய்யை ஓரிக்கையில் இறக்கிவிட்டார். எக்ஸ் மட்டும் தன்னந்தனியாகக் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தது. தனியாக மாட்டிக்கொண்டதால் தன் மதிப்பு என்ன என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும் வழியில் ஓரிக்கையில் ஒய்யையும் மாகரலில் இசட்டையும் ஏற்றிக்கொண்டார். மூன்று பேரும் பத்திரமாக உத்திரமேரூர் வந்து இறங்கினார்கள். முதல் நாள் எக்ஸுக்கு டிக்கெட் கிழிக்க மறுத்த மனிதரா இவர்! எனக்குக் கை தட்டத் தோன்றியது, தட்டினேன். வகுப்பும் தட்டியது. யாரோ ஒருவர், எக்ஸ் தெரிந்ததோடு நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்டார். ஏகாம்பரம் அவரை ஒரு முறை முறைத்தார்:

"எறக்கி வுட்டவன ரிட்டன்ல ஏத்திக்கினு வரணும் நைனா, இல்லாங்காட்டி அவன் வூட்ல வந்து நம்ம சட்டயப் பிடிப்பாங்க!"

மூன்றாவது சாட்சி

வகுப்பில் இருந்த பெருமாளுக்கு வேலை எதுவும் வேண்டியிருக்கவில்லை. சொந்த நிலம், ஏரிப் பாசனம், குறைவில்லாத குடும்பம். ஆனால் மச்சினன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், இவர் பெயில். கல்யாணமான நாளிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் அந்தப் பேச்சு வந்துவிடும். அதற்கு ஒரு முடிவு கட்டத்தான் வந்திருந்தார்.

பரீட்சைக்கு முன்னால் பிரின்சிபாலுக்குத் தானும் ஒரு கணக்கு கொடுக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மூன்று சமன்பாடு எழுதிப் போட்டார். வகுப்பு மொத்தமும் குனிந்து போட்டது. எல்லாருக்கும் கடைசியில் 0 = 0 என்று வந்தது. அழித்துப் போட்டாலும் அதே. தனபாக்கியத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. பரீட்சையில் இப்படி வந்தால் என் கதி என்ன என்றார். நான் பலகையைப் பார்த்தேன். முதல் இரண்டு வரியைக் கூட்டினால் மூன்றாவது வரி அப்படியே வந்தது. இதில் மூன்றையும் ஒரே விடையாகக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. பிரின்சிபாலைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. எப்படி நாசூக்காகச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே எழுந்து வந்தார். "மூணாவது ஒண்ணு வேணுமேன்னு முதல் ரெண்டையும் கூட்டி எழுதிட்டேன். தப்பு என்னோடது. எல்லாருக்கும் முழு மார்க், எல்லாருக்கும் டீ" என்றார். ஆழம் தெரியாமல் காலை விட்டதை அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்கிற பிரின்சிபாலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. டீ குடித்தபடி பெருமாள் தீர்ப்புச் சொன்னார்:

"பஞ்சாயத்துல மூணு சாட்சி கூப்டோம் சார். மூணாவது ஆளு புச்சா ஒண்ணுமே சொல்லல, மொத ரெண்டு பேரு சொன்னதையே சேத்துச் சொல்லிட்டுப் பூட்டான். அப்பால தீர்ப்பு எப்டி வரும்?"

உப்பு

பரீட்சை காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். நானும் கூடவே போயிருந்தேன். உள்ளே எழுதுகிறவர்களைவிட வெளியே நிற்கிறவளுக்குத்தான் வியர்வை அதிகம். மணி அடித்ததும் முதலில் ஏகாம்பரம் சிரித்துக்கொண்டே வந்தார். பெருமாள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். தனபாக்கியம் கடைசியில் வந்தார். மூன்று தெரியாத பெரிய கணக்கு வந்திருந்தது. போட்டீர்களா என்றேன். போட்டேன், விடையும் வந்தது, அப்புறம் குறுக்கே கோடு கிழித்துவிட்டேன் என்றார்.

விடையைத் திரும்பச் சமன்பாட்டில் வைத்துச் சரிபார்க்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான். சரிபார்த்திருக்கிறார், பொருந்தவில்லை. மறுபடி போட்டிருக்கிறார், அப்போதும் பொருந்தவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது. "அப்படியே விட்டிருந்தா வழிமுறைக்காவது மார்க் போட்டிருப்பாங்களே! கோடு கிழிச்சா ஒண்ணும் கிடையாது. வேலை வேணுமா வேணாமா உங்களுக்கு?" என்று நடுத்தெருவில் கத்திவிட்டேன். ஏகாம்பரமும் பெருமாளும் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கணக்கு போனால் பாஸ் மார்க் இழுபறிதான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். தனபாக்கியத்துக்கும் தெரியும். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் குரல் தளரவில்லை:

"தப்புன்னு தெரிஞ்சிக்கினே எப்டி டீச்சர் குடுத்துட்டு வர்றது? உப்பு கரிச்சு வாயில வெக்க முடியாதுன்னு தெரிஞ்ச சோத்தப் புள்ளைங்களுக்குப் போடுவனா நானு?"

கோடு கிழித்த கணக்கு

முடிவு வருகிற வரைக்கும் நான் தூங்கின தூக்கம் எனக்குத்தான் தெரியும். திருமுக்கூடலில் வேறு ஒரு பெண்ணின் பெயர் அடிபடுவதாகப் பெருமாள் கேள்விப்பட்டு வந்து சொன்னார். தனபாக்கியத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரும் வரவில்லை. ஒரு காலையில் காஞ்சிபுரம் பஸ் வந்து நின்றதும் ஏகாம்பரம் பேப்பரோடு குதித்து மாடிக்கு ஓடி வந்தார். அவர் நம்பர் இருந்தது. பெருமாள் நம்பர் இல்லை. நான் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினேன். தனபாக்கியம் நம்பர் இருந்தது! பிரின்சிபால் நாற்காலியிலிருந்து எழுந்து, "நல்லாப் பாருங்க, நல்லாப் பாருங்க" என்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். நான் அழுதுவிட்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. மார்க் சீட் வந்தபோது பார்த்தால், பாஸ் மார்க் வாசலை அப்போதுதான் தாண்டியிருந்தார். வேலையும் அவருக்கே வந்தது.

புது வகுப்பு ஆரம்பித்தது. பெருமாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். மச்சினனுக்கு இன்னொரு பொங்கல் கிடைத்துவிட்டதே என்று அவருக்கு வருத்தம். பாஸானவர்கள் யாரும் டுடோரியல் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள், அது உலக வழக்கம். ஏகாம்பரமே பஸ்ஸில் போகும்போது கீழேயிருந்து ஹாரன் அடிக்கச் சொல்லி மரியாதை செய்வதோடு சரி. வகுப்பு தொடங்கிய அன்று சாயங்காலம் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. தனபாக்கியம். புதுப் புடவை. மறுநாள் காலையில் அமைப்பாளராகச் சேர வேண்டும். இனிப்பு கொண்டு வந்திருப்பார் என்று பார்த்தால், கையில் மடித்து மடித்து நைந்துபோன கேள்வித்தாள். யாரிடமும் கேட்காமல் கரும்பலகையில் மூன்று சமன்பாட்டையும் எழுதினார்.

2x − y + z = 3
x + y + z = 6
x − y + 2z = 5

முதல் வரியிலிருந்து இரண்டாவதைக் கழித்தார். மேலே மைனஸ் ஒய், கீழே ப்ளஸ் ஒய். பரீட்சையில் செய்த மாதிரியே இரண்டையும் அடித்துவிட்டார். எனக்கு நாக்கு துடித்தது. கழிக்கும்போது கீழ்வரிக்குக் குறி மாறும், அடிபடாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பெருமாள், வேண்டாம் என்று கையைக் காட்டினார். தனபாக்கியம் கடைசி வரை போனார், பின்னத்தில் போய் நின்றார், அழித்தார். மறுபடி முதலிலிருந்து. இந்த முறை அந்த இடத்துக்கு வந்ததும் சாக்பீஸ் நின்றது. ஒய்யையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கதான்" என்று மெல்லச் சொன்னார். அப்புறம் யாரும் அவரை நிறுத்தவில்லை. எக்ஸ் ஒன்று, ஒய் இரண்டு, இசட் மூன்று. மூன்றையும் மூன்று வரியிலும் வைத்துப் பார்த்தார், மூன்றும் பொருந்தியது. கையைத் தட்டிவிட்டு முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "பாஸ் ஆயாச்சு, வேலையும் வந்தாச்சு, இன்னும் எதுக்குங்க இது?" என்றேன், சிரிப்பும் அழுகையுமாக. அவருக்கு என் கேள்வியே புரியவில்லை:

"நான் பாஸாயிட்டேன், சரி. அந்தக் கணக்கு இன்னும் பாஸாவாமதானே டீச்சர் இருந்துச்சு?"

எத்தனையோ பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாயிற்று, பாஸான பிறகும் கணக்குப் போட வந்த ஒரே ஆள் தனபாக்கியம்தான். மற்றவர்கள் எல்லாம், வாசகர்களே, உங்களையும் என்னையும் போல ஹாலை விட்டு வெளியே வந்ததும் கேள்வித்தாளைக் கிழித்துப் போட்டவர்கள்.